ஏகாம்பரத்தின் நம்பர்

ஜனவரி 25, ஞாயிறு

இந்த டைரி மச்சினன் கொடுத்தது. அவன் வேலை பார்க்கும் சிமெண்டுக் கடையின் பெயர் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பதினெட்டாயிரம் அடி உயரத்தில், சுற்றிலும் பனியை வைத்துக்கொண்டு, சிமெண்டுக் கடை டைரியில் எழுதுகிற ஒரே ராணுவ நாயக் இந்தத் தவசிமுத்துவாகத்தான் இருக்கும். பேனா மை உறைந்துவிடுகிறது. பென்சில்தான்.

மேலே வந்து இன்றோடு நாற்பத்தாறு நாள். எட்டுப் பேர் இருக்கிறோம். ஒரு குடிசை, ஒரு ஸ்டோர், ஒரு காவல் மேடை. காலையில் வாசலைத் தோண்டித்தான் வெளியே வரவேண்டும். தோண்டிய பனியை டின்னில் போட்டு உருக்கினால் தண்ணீர். டீ, சோறு, பருப்பு எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் வாசம். முட்டை கல்லாகிவிடுகிறது, சுத்தியலால் தட்டி உடைக்கிறோம். ஊரில் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள்.

ஞாயிறு என்பதால் போன். ஆளுக்கு ஐந்து நிமிடம். என் சம்சாரம் இசக்கிக்கு இது ஒன்பதாம் மாதம். டாக்டரம்மா பிப்ரவரி இருபத்திரண்டு என்று சொல்லியிருக்கிறாராம். எனக்கு லீவு பன்னிரண்டாம் தேதியிலிருந்து.

“பன்னெண்டாந்தேதி கெளம்பிருவியள்லா?” என்றாள்.

“கெளம்பிருவேன்.”

“போன தடவையும் இப்படித்தான் சொன்னிய.”

போன தடவை பையன் பிறந்து மூன்று நாள்தான் இருந்தான். நான் போய்ச் சேர்ந்தது பதினோராம் நாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதன்பிறகு இரண்டு மாதம் இசக்கி என்னோடு பேசவில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். இந்தத் தடவையும் போகாவிட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவேன்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். காற்றில் கொடி விறைத்து நின்றது, பிடித்துக் கட்டுவதற்குள் கை மரத்துப்போயிற்று. சுபேதார் குறுப்பு சாப் இரண்டு நிமிடம் பேசினார், மூச்சு வாங்கியதால் நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷன், பாலக்காட்டுக்காரர். எங்களுக்குள் தமிழிலேயே பேசிக்கொள்வோம்.

ஏகாம்பரம் சேமியாப் பாயசம் வைத்தான். குடியாத்தம் பக்கத்து ஆள். வாய் ஓயாது. அடுப்பைப் பற்றவைக்கும்போதும் பேச்சு, அணைக்கும்போதும் பேச்சு.

“அண்ணன் பாயசத்தக் குடிக்கச் சொல்லோ கூட காலண்டரத்தான் பாத்துனு கீறாரு” என்று எல்லாரையும் சிரிக்கவைத்தான். எனக்குக் கோபம் வந்தது, பாயசம் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

காலை முழுக்கக் கயிறு கட்டினோம். கீழ் முகாமுக்கு இறங்கும் பாதையில் பழைய கயிறு பனிக்கடியில் போய்விட்டது. வானம் தெளிவாக இருந்தால் இறங்க நான்கு மணி நேரம். அங்கிருந்து ஹெலிகாப்டர்தான்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடி போட்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் ஜோடிக்காரனுடைய கை கால் விரல்களைப் பார்க்கவேண்டும், நாக்கை நீட்டச் சொல்லவேண்டும், விரலில் கிளிப்பை மாட்டி ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதவேண்டும். இந்த உயரத்தில் எண்பது இருந்தால் ராஜா. எழுபதுக்குக் கீழே போனால் சுபேதாரிடம் சொல்லவேண்டும். அவர் உடனே கீழே அனுப்பிவிடுவார். தன் நம்பரைத் தானே எழுதக் கூடாது. மனுஷன் தன் விஷயத்தில் பொய் சொல்வான், அடுத்தவன் விஷயத்தில் சொல்லமாட்டான் என்று எவனோ படித்தவன் யோசித்து வைத்த ஏற்பாடு.

என் ஜோடி ஏகாம்பரம். என்னைவிட நாலு வயது சின்னவன். இன்று எனக்கு 82, அவனுக்கு 80.

பிப்ரவரி 1, ஞாயிறு

போன். இசக்கிக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். “நீங்க வந்தாச் சரியாயிரும்” என்றாள். பேச்சை மாற்றி மழை பெய்ததா என்று கேட்டேன்.

ஏகாம்பரம் தன் ஐந்து நிமிடத்தில் மூன்றை எனக்குக் கொடுத்தான். அவன் சம்சாரம் பூங்காவனத்திடம் அவசரமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “நீ பேசுண்ணே, உனக்குத்தான் இப்ப வேணும்” என்று கருவியை என் கையில் திணித்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பனிப்புயல். காவல் மேடைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போகமுடிகிறது.

ஏகாம்பரத்துக்கு இருமல். வறட்டு இருமல், இங்கே எவனுக்குத்தான் இல்லை. மாலையில் 72. நோட்டில் எழுதினேன். சுபேதார் பார்த்துவிட்டு, “நாளைக்கும் குறைஞ்சா சொல்லணும் தவசி. வச்சுக் கொண்டிருக்கக் கூடாது” என்றார்.

பிப்ரவரி 4, புதன்

கை சில்லிட்டுப்போனால் கிளிப்பு தப்பாகக் காட்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தேய்த்துவிட்டு மறுபடி வைக்கவேண்டும். காலை 79. மாலை 80.

ஒரு கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை. போஸ்டில் ஏழு பேருக்குக் குறையக் கூடாது என்பது உத்தரவு. எட்டில் ஒருத்தன் லீவில் போகலாம். ஒருத்தன் நோயில் இறங்கினால் ஏழு, அப்புறம் லீவு கிடையாது. மாற்று ஆள் வரவேண்டுமென்றால் கீழே படிப்படியாக அவன் உடம்பைப் பழக்கித்தான் அனுப்புவார்கள். இருபது நாள் ஆகும். நான்கோடு இருபதைக் கூட்டிப் பார்த்தேன், இருபத்துநான்கு. கூட்டாமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 5, வியாழன்

ஏகாம்பரம் காலையில் டீ மட்டும் குடித்தான். மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டான். பனி அள்ளப் போனவன் நான்கு தடவை அள்ளிவிட்டு உட்கார்ந்தான். “என்னலே, வேலைக்கு டிமிக்கியா?” என்றேன். சிரித்தான். அவன் பதில் சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அவனைத் தனியாக ஸ்டோருக்குக் கூட்டிப்போய்ப் பேசினேன். சுபேதாரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேணாண்ணே, நீ போற வரைக்கும் நான் தாங்குவேன் என்று அவனே சொல்லிவிட்டான். மாத்திரை கொடுத்தேன், சூப் போட்டுக் கொடுத்தேன். என் போர்வையில் ஒன்றையும் கொடுத்திருக்கிறேன். என்னால் ஆனதைச் செய்கிறேன்.

மாலை 81.

பிப்ரவரி 6, வெள்ளி

காலை 81. மாலை 81. புயல்.

பிப்ரவரி 7, சனி

இன்றைக்கு அவன் காவல் முறையையும் நானே நின்றேன். மூன்று மணி நேரத்தில் கண்ணிமையில் பனி கட்டிவிட்டது. பரவாயில்லை, அவன் படுத்திருக்கட்டும். அவனுடைய அடுப்பு வேலையும் நான்தான். மற்றவர்கள் கேட்டதற்கு, சீட்டாட்டத்தில் பந்தயம் வைத்துத் தோற்றுவிட்டேன் என்று சொன்னேன்.

சுபேதார் நோட்டைப் புரட்டினார். “எந்தா தவசி, உனக்கும் அவனுக்கும் ஒரே நம்பர்? இரட்டைப் பிள்ளைகளா நிங்கள்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஏகாம்பரத்தைப் பார்த்து, “எப்படி இருக்கடா?” என்றார். “நல்லாக்கீறேன் சாப்” என்று எழுந்து நின்றே சொன்னான். அவர் போனதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இன்னும் ஐந்து நாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

புயல் விட்டது. மேகம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இசக்கி ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிமணியை எடுத்து வைத்துவிட்டாளாம். என் வேட்டி ஒன்றையும் வைத்திருக்கிறாளாம், குழந்தையைச் சுற்ற. நான் வருவேன் என்று நம்ப ஆரம்பித்துவிட்டாள். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏகாம்பரம் போனை எடுத்துக்கொண்டு குடிசைக்கு வெளியே போய்ப் பேசினான். ஐந்து நிமிடமும் பேசினான். திரும்பி வந்தபோது உதடு நீலமாக இருந்தது. குளிரில் நின்றால் அப்படித்தான் ஆகும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் முடியாது, ஆனால் எழுதவேண்டும்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு டீயோடு அவனை எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்து பூட்சுக்குள் கையை விட்டான். காலை விடவேண்டிய இடத்தில் கையை விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். இருமினான், ரோஸ் நிறத்தில் நுரை வந்தது. நான் கத்தினேன். சுபேதார் ஓடி வந்து கிளிப்பை அவரே மாட்டினார். 41.

ஆக்ஸிஜன் கொடுத்தோம். பிறகு அந்தப் பெரிய பை. ஆளை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை மூடி வெளியிலிருந்து காலால் பம்ப் அடிக்கவேண்டும். உள்ளே அழுத்தம் கூடினால் உடம்புக்குக் கீழே இறங்கியது மாதிரி இருக்கும். முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. ஆள் மாற்றி ஆள் அடித்தோம். நான் மாறவில்லை. என்னை இழுத்துத் தள்ளித்தான் மாற்றினார்கள்.

கீழ் முகாமிலிருந்து டாக்டர் வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஹெலிகாப்டர் சத்தம் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் மேகத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது. நான்கு பேர் கட்டித் தூக்கி இறக்கலாமா என்று கேட்டோம். புதுப்பனி இடுப்பளவு இருக்கிறது, எல்லோரும் செத்துப்போவீர்கள் என்று சொல்லி உத்தரவு தரவில்லை.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். வாயசைத்தான். பைக்குள் பேசினால் வெளியே கேட்காது. மத்தியானம் மூன்று இருபதுக்கு சுபேதார் பம்பை நிறுத்தச் சொன்னார்.

இன்று அதிகாரி வயர்லெஸ்ஸில் நோட்டை வாசிக்கச் சொன்னார். சுபேதார் தேதிவாரியாக வாசித்தார். 79, 80, 81, 81, 81. இப்படித் திடீரென்று வருவது உண்டு, யார் மேலும் தவறில்லை என்று சொன்னாராம். சுபேதார் என் தோளில் கைவைத்து, “ரெண்டு நேரமும் நீ பார்த்ததுக்கு நோட்டு சாட்சி. விஷமிக்காதே தவசி” என்றார். விஷமிக்காதே என்றால் அவர்கள் பாஷையில் வருத்தப்படாதே என்று அர்த்தம்.

வீட்டுக்கு உடலோடு ஒருத்தன் போகவேண்டும். ஜோடிக்காரன் போவதுதான் முறை. அதோடு நான் தமிழ்நாட்டுக்காரன், லீவும் வருகிறது. என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஏகாம்பரத்தின் ஊர். ஊர் எல்லையிலிருந்தே சனம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் கொடியோடு நின்றார்கள். அவன் பையன் யூகேஜி படிக்கிறான். துப்பாக்கி வேட்டுக்குக் காதைப் பொத்திக்கொண்டு என் காலைக் கட்டிக்கொண்டான். யூனிபார்மைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

கொடியை மடித்துப் பூங்காவனத்தின் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நகரவில்லை.

“நீங்கதான தவசிமுத்து அண்ணன்?”

“ஆமாம்மா.”

“ஞாயித்துக்கெழம போன்ல சொன்னாரு. மூச்சு வுட முடியல, படுத்தா நெஞ்சுல தண்ணி நிக்கிற மாரி கீதுன்னாரு. போயி சொல்லுய்யான்னு அழுதேன். அண்ணன் பன்னெண்டாந்தேதி லீவுல போறாரு, அவுரு போனப்பறம் சொல்லிக்கிறேன்னாரு.” கொடியை மார்போடு பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுமா, அவருக்கு முடியலன்னு?”

சுற்றி முன்னூறு பேர் இருப்பார்கள்.

“தெரியாதும்மா” என்றேன். “எங்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

காலை ஒன்பது பத்துக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. நன்றாக இருக்கிறது. இசக்கியும் நன்றாக இருக்கிறாள்.

நர்ஸ் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன். “அப்பாவுக்கு எண்ணிப் பாத்தாத்தான் திருப்தியோ” என்று நர்ஸ் சிரித்தாள்.

“சொன்ன மாதிரி வந்துட்டியள்லா” என்றாள் இசக்கி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று மாமியார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 21, சனி

இந்த டைரியில் நான்காம் தேதியிலிருந்து எழுதியது பொய். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் பொய்யாகவே எழுதியிருக்கிறேன். எனக்கு நானே நோட்டு எழுதியிருக்கிறேன்.

நான்காம் தேதி காலையில் அவன் விரலில் 66. தேய்த்துவிட்டு வைத்தேன், 64. கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டினேன். 79. அதை எழுதினேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அதன்பிறகு தினமும் இரண்டு வேளையும் என் விரல்தான். எட்டாம் தேதி சாயங்காலம் அவனுக்கு 52. அந்த நம்பரைப் பார்த்தபிறகும் நான் டீ போட்டேன், சப்பாத்தி சுட்டேன்.

ஐந்தாம் தேதி ஸ்டோரில் சொல்லிவிடலாமா என்று கேட்டது நான் இல்லை. அவன். “சாப்கிட்ட சொல்லிடலாமாண்ணே, எனக்குப் பயமாக்கீது” என்றான். நான் அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். “ஏழு நாள் பொறுலே. ஏழே ஏழு நாள். எம்பொண்டாட்டி நெலம ஒனக்குத் தெரியும்லா” என்றேன். “செரிண்ணே” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அவன் எனக்காகப் பொறுத்தான் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் முடியாமல் போனவனுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்பதற்காகத்தானே ஜோடி என்ற ஒருத்தனை வைத்திருக்கிறார்கள். அவனுக்காக முடிவெடுக்கவேண்டியவன் நான். எடுத்தேன்.

நான்காம் தேதி வானம் மோசம்தான். ஆனாலும் அன்று காலையிலிருந்து ஐந்து மணி நேரம் தெளிந்திருந்தது. கயிறும் புதுசு, நாங்கள் கட்டியது. இறக்கியிருக்கலாம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தேன். இசக்கி, “பச்சப்புள்ளைய விட்டுட்டுப் போவணுமா?” என்றாள். போகவேண்டும் என்றேன். எதற்கு என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

சுபேதாருக்கு ரயிலில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். எந்தத் தேதியில் எந்த நம்பர், யார் விரல் என்று எல்லாம். ஸ்டேஷன் வாசலில் இருந்த பெட்டியில் போட்டேன். போட்ட அடுத்த நிமிடம் பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, “இன்னா சார், ஸ்டாம்பு ஒட்டலயா?” என்றாள். ஒட்டினேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

சாப்பாடு முடிந்து பந்தி கலைகிறவரை காத்திருந்தேன். பூங்காவனம் பின்பக்கம் குழாயடியில் பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உறவுக்காரப் பெண்கள் உள்ளே இருந்தார்கள்.

“அன்னைக்கு நீங்க கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேம்மா. எனக்குத் தெரியும்” என்றேன்.

தேய்ப்பதை நிறுத்தவில்லை. நான் சொல்லிக்கொண்டே போனேன். கிளிப்பைப் பற்றி, நோட்டைப் பற்றி, என் விரலைப் பற்றி, ஸ்டோரில் அவன் கேட்டதைப் பற்றி. மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லவேண்டி வரும். அந்தச் சுமையையும் அவள் தலையில் வைக்கக் கூடாது.

“பயமாக்கீதுன்னாரா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“எங்கிட்ட அத சொல்லல.”

கையில் சாம்பலோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. திட்டுவாள், அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது நடந்தால் தேவலை என்று இருந்தது.

“உங்களுக்குக் கொழந்த பொறந்துடுச்சா?”

“இருபதாந்தேதி. பொண்ணு.”

“அவங்க பக்கத்துல இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

குழாயை மூடினாள். அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.

“இவுரு பக்கத்துலயும் நீங்கதான இருந்தீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.